வாசகர் கேள்வி-பதில்: சென்சார் புதுசு, கோடு பழசு

கேள்வி: எங்கள் 20 டன் எக்ஸ்கவேட்டரில் எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 3 என்று கோளாறு கோடு (code) வருகிறது. ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் போகவில்லை. ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: பொறுங்கள், இரண்டு சென்சார் காசு போனது போதும். கோடில் இரண்டு எண் இருக்கிறது. நம் ஆட்கள் முதல் எண்ணைப் பார்த்ததுமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எஸ்.பி.என். 100 இடத்தைச் சொல்கிறது: இன்ஜின் ஆயில் பிரஷர். அங்கே என்ன கோளாறு என்பது எஃப்.எம்.ஐ.யில்தான் இருக்கிறது. அது 1 என்று வந்திருந்தால் பிரஷரே விழுந்துவிட்டது என்று பொருள். உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் 3, சிக்னல் வயரில் வோல்டேஜ் அதிகம் என்று மட்டுமே சொல்கிறது. 4 என்றால் குறைவு. இரண்டுமே மின் கோளாறுகள். (ஆனாலும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதற்குக் காசா பணமா?)

இந்த வகை சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த் ரிட்டர்ன், சிக்னல். பொதுவாக சிக்னல் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும். ரிட்டர்ன் வயர் அறுந்தால், சென்சாருக்குள் போன 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் சிக்னல் வயரில் ஏறி நிற்கும். ஈ.சி.எம். அதைப் பார்த்து 3 என்று எழுதிவிடும். எத்தனை சென்சார் மாற்றினாலும் இதே கதைதான். என் முதல் சந்தேகம் அங்கேதான்.

சாவியை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, உள்ளே ஆயில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை 5 வோல்ட் பின்னிலும் வையுங்கள். 4.75 முதல் 5.25 வரை வரவேண்டும். அடுத்து கறுப்பு முனையை மட்டும் ரிட்டர்ன் பின்னுக்கு மாற்றுங்கள். அதே 5 வந்தால் ரிட்டர்ன் சரி. வராவிட்டாலோ, ஹார்னஸை (வயர்க் கட்டை) அசைக்கும்போது அளவு ஆடினாலோ, ரிட்டர்ன்தான் குற்றவாளி. கிளாம்ப் கழன்று பிராக்கெட்டில் ஹார்னஸ் உரசும் இடத்தில் தேடுங்கள்.

ரிட்டர்ன் சரியாக இருந்தால், சிக்னல் பின்னையும் ரிட்டர்ன் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். 3 போய் 4 வந்தால் வயரும் ஈ.சி.எம்.மும் நலம், போட்ட சென்சார் உங்கள் இன்ஜினின் பார்ட் நம்பர்தானா என்று சரிபாருங்கள். 3 அசையாமல் நின்றால், சிக்னல் வயரை ஈ.சி.எம். பிளக் வரை கன்டினியூட்டி (அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்து, வேறு வயரோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே ஈ.சி.எம். பேச்சை எடுக்கலாம். தப்பித்தவறியும் 5 வோல்ட் பின்னை எர்த்தோடு இணைக்காதீர்கள். அதே சப்ளையில் தொங்கும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும்.

மீட்டர் முனையை பின்னின் துளைக்குள் திணிப்பதும் கூடாது. துளை ஒருமுறை விரிந்துவிட்டால் மறுபடி இறுகப் பிடிக்காது. கோளாறு தேடப் போன கையே புதுக் கோளாறை வைத்துவிட்டு வரும்.

கேள்வி: மழைக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஏழெட்டு கோடு. டிஸ்ப்ளே அணைந்து அணைந்து எரிகிறது. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஏழெட்டு சென்சார் ஒரே நாளில் சாகாது. எல்லாவற்றுக்கும் பொதுவான பேட்டரி, எர்த், கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) மூன்றையும் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 18க்குக் கீழே போனால், கோடுகளை மறந்துவிட்டு முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் கேபிளைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் சுரண்டி இறுக்குங்கள்.

அடுத்தது கேன் லைன். 9 பின் டயக்னாஸ்டிக் சாக்கெட் இருந்தால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு சி, டி பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 வந்தால் ஒரு கோடியின் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். 0 பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எங்கே அளவு மாறுகிறது என்று பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் ரப்பர் சீல் கிழிந்த வழியாகவோ, வயர் இல்லாத காலிக் குழியின் அடைப்பான் விழுந்த வழியாகவோ இறங்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றில் உலர்த்தி, சீலை மாற்றுங்கள். கிரீஸை அள்ளி அப்பாதீர்கள்.

கேள்வி: வந்த கோடை முதலில் அழித்துப் பார்க்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். எத்தனை முறை வந்தது, கடைசியாக எந்த மணிநேரத்தில் வந்தது என்பதும் பல வண்டிகளில் பதிவாகியிருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க உங்களிடம் இருக்கும் தடயம் அது.

கேள்வி: பக்கெட்டில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் போதுமா?
– வாசகர், கரூர்

பதில்: போதாது. பேட்டரி கேபிளோடு ஈ.சி.எம். பிளக்குகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் போடுங்கள். அதைச் செயின் பக்கம் மாட்டினால் கரன்ட் பக்கெட் பின், பூம் பின், ஸ்விங் பேரிங் வழியாகப் போய்த்தான் இறங்கும். பேரிங் உருளைகளில் சுட்ட தழும்பு விழும்.