சட்டம் முடித்ததும் சர்வதேச நீதிமன்றத்தில் இன்டர்ன்ஷிப்: சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகுமா?

"பி.எல். முடித்துவிட்டேன், ஹேக்கில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா, எவ்வளவு செலவாகும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஹேக் என்பது சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கிற நெதர்லாந்து நகரம். செலவைக் கேட்டதிலேயே தெரிகிறது, உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் வக்கீல். அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், தவறென்றால் மன்னியுங்கள்.

தேர்வாவதைவிடப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் நடுவில், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசி. நீரோடி தாண்டினால் பொழியூர், அது கேரளம். அப்பா கொச்சி தோப்பும்படியில் தங்கி ஆழ்கடல் போட்டுக்குப் போகிறவர். டீசல், ஐஸ் செலவு கழித்து மிஞ்சினால் பங்கு, மிஞ்சாவிட்டால் வெறுங்கை.

2012 பிப்ரவரி 15 அன்று நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீண்டகரையிலிருந்து போன செயின்ட் ஆன்டனி போட்டில் இருந்த இரண்டு பேர், என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து வந்த குண்டு பட்டு இறந்தார்கள். ஒருவர் கொல்லம், இன்னொருவர் எங்கள் மாவட்டம். நடந்தது கரையிலிருந்து 20.5 கடல் மைலில். எல்லைக்கடல் 12 மைலோடு முடிந்துவிடும். பிறகு யார் வழக்கை எடுப்பது? கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவரைக் கேரள போலீஸ் கைது செய்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுதான் விசாரிக்க வேண்டும் என்றது. 2015இல் இத்தாலி ஹாம்பர்க்கில் இருக்கிற சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஊரில் ஹாம்பர்க் என்ற பெயரை யாரும் கேட்டதில்லை. "நம்ம ஆள் செத்ததுக்கு ஜெர்மனியில என்னத்துக்கு மக்களே கேஸு?" என்று அப்பா கேட்டார். அப்போது மூன்றாம் ஆண்டு சட்டம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அவமானத்தில்தான் கடல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

2018இல் ஹேக்கில் ஓரிடத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. சம்பளம் கிடையாது, தங்கும் செலவும் நம்முடையது. ஒக்கி புயல் கழிந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. யாரிடம் போய்க் கடன் கேட்பது? விசாவுக்குக் கையில் பணம் இருப்பதற்குச் சான்று வேண்டும். கல்விக்கடன் கேட்டு ஒரு வங்கிக்கு அப்பாவோடு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வருமான வரிப் படிவம் கேட்டார், சம்பளச் சீட்டு கேட்டார். "பங்குக்காரனுக்கு எங்கிருந்து சார் சீட்டு?" என்றார் அப்பா. வங்கிக்காரர் படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி, பேனா முனையால் காலியாக இருந்த கட்டத்தைத் தட்டிக் காட்டினார். அதற்கு மேல் பேசவில்லை. அப்பா தோப்பும்படியிலிருந்து அந்த ஒரு வேலைக்காகத்தான் வந்திருந்தார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஹேக்குக்கு வரவில்லை என்று அன்று இரவே எழுதிப்போட்டேன்.

பணம் இல்லாதவர்கள் எதற்கு இதற்கெல்லாம் ஆசைப்பட வேண்டும், ஊரில் ஒரு சீனியரிடம் ஃபைல் தூக்கினால் போதாதா என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நானும் குழித்துறை கோர்ட்டில் ஃபைல் தூக்கியவள்தான், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் கரையைப் பற்றிய வழக்கு பேசப்படும் அறையில் எங்கள் கரைப்பிள்ளை ஒன்றும் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அதனால் முதலில் பணம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள், பெயரைப் பிறகு பார்க்கலாம். ஹேக்கில் இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உதவித்தொகைக்கு ஒரு நிதி உண்டு. ஆனால் அது, அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் சேர்ந்த வளரும் நாடுகளின் பிள்ளைகளுக்கு. இந்தியா அதில் சேரவில்லை. விண்ணப்பிக்கலாம், கைக்காசு போட்டுத்தான் இருக்க வேண்டும். அதே ஊரில் அமைதி மாளிகையில் இருந்து நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு நீதிபதியோடு வேலை செய்யும் ஃபெல்லோஷிப் ஏறக்குறைய ஒரு வருடம். உங்கள் பல்கலைக்கழகம்தான் பரிந்துரைத்துச் செலவையும் ஏற்க வேண்டும். வளரும் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுப்புகிறவர்களுக்கு உதவ ஒரு நிதி தொடங்கச் சொல்லி 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. உங்கள் கல்லூரியில் போய்க் கேளுங்கள், கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நான் படித்த இடத்தில் ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கே மூன்று வாரம் நடையாய் நடந்தேன்.

ஹாம்பர்க் தீர்ப்பாயத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். வளரும் நாட்டவருக்கு உதவித்தொகை கேட்க வழி உண்டு. 2019இல் நான் போனது அந்த உதவியில்தான். வருமானச் சான்றுக்கு இந்த முறை பங்குத்தந்தையின் லெட்டர்பேடில் கடிதம், போட் முதலாளியின் பங்குக் கணக்கு நோட்டு நகல், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு நோட்டரி கையெழுத்தோடு. குழித்துறையில் அனந்தபுரி ஏறி, ராத்திரி முழுக்க அந்த ஃபைலை மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். விசா வந்தது.

போனால் என்ன வேலை என்று கேட்பீர்கள். நீதிபதிகள் 21 பேர், ஆனால் எப்போதும் ஹாம்பர்க்கில் இருப்பவர் தலைவர் மட்டும். மற்றவர்கள் வழக்குக்கும் கூட்டத்துக்கும் வந்து போவார்கள். ஆக நீங்கள் வேலை செய்வது பதிவாளர் அலுவலகத்தில். குறிப்பு எடுப்பது, பழைய தீர்ப்பு தேடுவது, மேற்கோள் சரிபார்ப்பது. ஆங்கிலமோ பிரெஞ்சோ நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டும் தெரிந்தால் மதிப்பு கூடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து எங்கள் வழக்கை, வழக்கு எண் 24, வரி வரியாக வாசித்தேன். இரண்டு நாடும் தங்கள் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்ற 2015 ஆகஸ்ட் 24 உத்தரவுக்கு 15 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் எழுதியதை அப்பாவுக்குப் போனில் தமிழில் சொன்னேன். மறுபக்கம் போட் இன்ஜின் சத்தம், இடையிடையே "ம்" என்றார்.

அந்த வழக்கின் முடிவு, அதற்கென்றே ஹேக்கில் அமைத்த நடுவர் மன்றத்தில் 2020இல் வந்தது. இத்தாலிய வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, அதாவது இந்தியா அவர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது, ஆனால் இத்தாலி நஷ்டஈடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் கட்டிய பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்தது. எனக்கு அந்த முடிவில் இன்றைக்கும் சம்மதம் இல்லை. அது வேறு கதை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க்கில் என் பேச்சை யாரும் குறை சொன்னதில்லை. சென்னையில் ஒரு மூட் கோர்ட் போட்டியில், அதாவது சட்ட மாணவர்களின் மாதிரி வழக்காடும் போட்டியில், நடுவராக இருந்தவர், நான் வாயைத் திறந்ததும் "மலையாளியா?" என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். "தமிழ் இப்படியா பேசுவாங்க?" என்று எல்லார் முன்னும் சிரித்தார். திருவனந்தபுரத்துக்குப் போனால் அங்கே பாண்டி என்பார்கள், தமிழரைக் கேலியாகச் சொல்லும் பெயர். எங்கள் பேச்சு எங்கள் தமிழ், அதில் கேலிக்கு ஒன்றும் இல்லை. எல்லைப்பக்கத்துப் பிள்ளையாக நீங்களும் இருந்தால், நேர்காணலில் அதை மறைக்க முயலாதீர்கள்.

இப்போது குழித்துறையில்தான் ப்ராக்டிஸ். ஹாம்பர்க் போனதால் கட்சிக்காரர் யாரும் கூடுதல் ஃபீஸ் தருவதில்லை. ஆனால் இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியா பக்கம் போட் பிடிபட்டால், அந்த வழக்குப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரையில் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

விண்ணப்பக் கடிதம் எழுதி வைத்திருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு சங்கதியிலிருந்து அதைத் தொடங்குங்கள். உதவித்தொகைப் படிவத்தில் வருமானக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள், என்ன எழுதுவதென்று என்னிடம் கேளுங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்ப்பேன்.