வீட்டிலிருந்தே கைவினைத் தொழில்: மகளின் முடிவைக் கண்டு தயங்கும் பெற்றோருக்கு

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்றும், குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவினை) முறையில் பொம்மைகளும் பைகளும் பின்னி வீட்டிலிருந்தே விற்கப் போவதாகவும் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்பதா, விட்டுப்பிடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை பின்னியவை அனைத்தும் விற்றுப் போயின என்பதால் அவருடைய கைத்திறனை உங்களைப் போலவே நானும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தத் தொழில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கைத்திறன் அன்று. ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கணக்குதான். அந்தக் கணக்கை அவர் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதைப் போடுவதற்கு முன்பு அவரைத் தடுப்பதும் தவறு, வாழ்த்தி அனுப்புவதும் தவறு.

அவர் தேர்ந்தெடுத்திருக்கும் கைவினைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஸ்வெட்டர் பின்னும் ‘நிட்டிங்’ எனப்படும் ஊசிப் பின்னலுக்கு 1589-ஆம் ஆண்டிலேயே வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் இயந்திரம் செய்துவிட்டார். இன்று கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை இயந்திரத்தில் பின்னப்பட்டவை. குரோஷேயை அப்படித் தொழிற்சாலை அளவில் பின்னித் தரும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. இயந்திரம் நமக்குப் போட்டிக்கு வராது என்று உங்கள் மகள் மகிழக்கூடும். ஆனால் மலிவு விலைக் கடையில் கிடைக்கும் குரோஷே பையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான் என்பதையும், அவருக்கு மிகக் குறைந்த கூலியே கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்குபவர் உங்கள் மகளின் விலையை அந்த விலையோடுதான் ஒப்பிடுவார். ஆகவே, மலிவாக விற்று முன்னுக்கு வரலாம் என்ற வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது. வேறெங்கும் கிடைக்காத வடிவத்தைத் தந்தால்தான் அவர் கேட்கும் விலைக்கு நியாயம் இருக்கும்.

கைவினைஞர்களிடையே புழங்கும் ஒரு விதி, மூலப்பொருள் செலவை மூன்றால் பெருக்கி விலை வைக்கச் சொல்கிறது. மணி கோத்த மாலைக்கு அது ஒருவேளை பொருந்தலாம். நூல் மலிவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்கும் குரோஷேக்கு அது சற்றும் பொருந்தாது. அதற்குப் பதிலாக ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு பின்வருமாறு கணக்கிடச் சொல்லுங்கள். விற்பனை விலை 100 பங்கு என்று கொள்வோம். நூல், உள்ளே அடைக்கும் பஞ்சு, கண்கள் ஆகியவற்றுக்கு 20 பங்கு, பெட்டிக்கும் லேபிளுக்கும் 6, விற்பனைத் தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 10, திரும்பி வருபவை, வழியில் சேதமாகிறவை போன்றவற்றுக்கு 4 என்று கழித்தால் 60 மிஞ்சும். பின்னுவதற்கு ஐந்து மணி நேரமும், உறுப்புகளைத் தைத்து இணைப்பது, படம் எடுப்பது, விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவது, பேக்கிங் செய்து கொரியரில் சேர்ப்பது ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமும் ஆனால், மணிக்குப் பத்துப் பங்குதான் அவருடைய கூலி. இவை உதாரணத்துக்காக நான் வைத்த எண்கள். அவருடைய எண்களை அவர்தான் நிரப்ப வேண்டும். வரும் தொகையை, அவருடைய படிப்புக்குக் கிடைக்கக்கூடிய தொடக்கநிலைச் சம்பளத்தின் மணிக்கூலியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே பொம்மையைக் கடைக்கு மொத்த விலையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. கடைக்காரர் பொதுவாகச் சில்லறை விலையில் பாதியைத்தான் தருவார். வாடகை, பணியாளர், விற்காமல் தேங்குவது எல்லாம் அவர் தலையில் இருப்பதால் அதைப் பேராசை என்று சொல்வதற்கில்லை. கமிஷன் மிச்சமாகும், பேக்கிங்கும் எளிதாகும். இருந்தாலும் 50 பங்கில் செலவு போகக் கையில் நிற்பது 25 அளவுக்குத்தான், மணிக்கு ஐந்தைத் தொடுவதே கடினம். தொடக்கத்திலேயே விலையைக் குறைத்து வைத்துவிட்டவர்களுக்குக் கடைகளின் வாசல் பிறகு எளிதில் திறக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

நேரத்தை எந்தப் பொம்மையில் அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விமான உற்பத்தியை ஆராய்ந்த டி. பி. ரைட் 1936-இல் வெளியிட்ட கட்டுரையில், மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஓர் அலகுக்கான உழைப்புச் செலவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதாகக் காட்டினார். கைவேலைக்கு அதே சதவீதம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது முதலில் நேரம் வேகமாகக் குறைந்து, பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதைப் பின்னத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார். முதல் பொம்மையின் நேரத்தை வைத்து மனம் தளரவும் வேண்டாம். இனியும் குறைந்துகொண்டே போகும் என்று கனவு காணவும் வேண்டாம். ஒரே வடிவத்தில் எட்டு அல்லது பத்து செய்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைக்கும் நேரமே நம்பத்தக்கது. இதற்காகவே நான் வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வேன். இருபது விதமான பொம்மைகளை ஒவ்வொன்றாகச் செய்பவர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே இருக்கிறார்.

கேட்டபடி செய்து தரும் ஆர்டர்கள் இதனால்தான் ஏமாற்றுகின்றன. வாடிக்கையாளர் தம் நாய்க்குட்டியின் படத்தை அனுப்பி அதே போல ஒன்று கேட்டால், அது எப்போதும் முதல் பொம்மையாகவே இருக்கும். ஏற்பதானால் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று, வண்ணம், அளவு, திருத்தங்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, வழக்கமான விலையைவிடத் தெளிவாகக் கூடுதலாக வாங்க வேண்டும். புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரங்களைச் செய்து தரச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்; உரிமையாளரின் அனுமதியின்றி அவற்றைச் செய்து விற்பது பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பிறர் எழுதிய பின்னல் குறிப்புகளைப் பயன்படுத்தும்போதும், செய்த பொருளை விற்க எழுதியவர் என்ன நிபந்தனை வைத்திருக்கிறார் என்பதைப் படித்துப் பார்ப்பது நேர்மை.

பொம்மை என்றாலே குழந்தையின் வாய்க்குள் போகும் பொருள் என்று எண்ணிச் செய்ய வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்று பன்னாட்டு அளவில் பயன்படுகிறது. பிய்ந்து வரும் உறுப்பு அந்த உருளைக்குள் முழுவதும் அடங்கிவிட்டால், அது மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது என்று பொருள். பிளாஸ்டிக் கண்களைப் பின்புறப் பூட்டோடு பொருத்தினாலும், தளர்வான பின்னலில் அவை துளை வழியே வெளியே வந்துவிடக்கூடும். சிறு குழந்தைகளுக்கானவற்றில் கண்களை நூலாலேயே பூத்தையல் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நூல்களை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பொம்மைகளுக்கென்று பாதுகாப்பு விதிகள் உள்ளன. வீட்டில் செய்தது என்பதால் மட்டுமே அவற்றிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. இந்தச் சோதனைச் செலவு தாங்காது என்று தெரிந்தால், பொம்மைகளை விட்டுப் பைகளிலும் வீட்டு அலங்காரப் பொருள்களிலும் நிற்பதே புத்திசாலித்தனம்.

குரோஷே சலித்து அவர் சோப்பு, மெழுகுவர்த்தி என்று தாவ நினைத்தாலும் கணக்கு மாறாது, காத்திருப்பு மட்டும் கூடும். காஸ்டிக் சோடா கரைசலைக் கொண்டு குளிர்முறையில் செய்யும் சோப்பு பதப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அத்தனை நாளும் போட்ட பணம் அலமாரியில் முடங்கிக் கிடக்கும். அலங்காரப் பொருள்கள் வார்க்கப் பயன்படும் எபாக்சி ரெசின் என்ற பிசின், காற்றோட்டமற்ற அறையில், கையுறையின்றிக் கையாளப்பட்டால் நிரந்தரத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், படுக்கையறை மூலையில் அதைத் தொடங்க அனுமதிக்காதீர்கள்.

விற்பனைக்கு இணையத் தளங்கள் நல்ல தொடக்கம்தான். ஆனால் அவை வாடகை இடம் என்பதை மறக்கக் கூடாது. 2005-இல் கைவினைப் பொருள்களுக்காகவே தொடங்கிய எட்சி, விற்பனைக் கட்டணத்தை 2018-இல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2022-இல் 6.5 ஆகவும் உயர்த்தியது. விற்பவர்கள் எதிர்த்தார்கள், கட்டணம் குறையவில்லை. ஒரே தளத்தை நம்பியிருப்பவருக்கு அத்தகைய அறிவிப்பு வரும் நாளில் செய்வதற்கு ஒன்றுமிராது. வாங்கியவர்களில் விருப்பமுள்ளவர்களின் தொடர்பு விவரங்களைத் தள விதிகளுக்கு உட்பட்டு அவர்கள் சம்மதத்துடன் சேர்த்து வைத்து, புதிய வடிவம் வரும்போது நேரடியாகத் தெரிவிக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே அவர் தொடங்கட்டும்.

இதுவரை விற்றவற்றில் எத்தனை உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் போயின என்று கேளுங்கள். அவர்கள் பொம்மையை வாங்கவில்லை, உங்கள் மகளை ஊக்குவித்தார்கள். அது அன்பு, சந்தை அன்று. முன்பின் தெரியாதவர் முழு விலை கொடுத்து வாங்கியதையும், அதே நபர் இரண்டாம் முறை வந்து வாங்கியதையும் தனித்தனியாகக் குறித்து வைத்தால் போதும், வேறு பெரிய ஆய்வு தேவையில்லை.

மணிக்கூலி எவ்வளவு முயன்றாலும் ஒரு வரம்புக்கு மேல் போகாது என்று தெரிந்தால், அத்துடன் தொழில் முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. என் அனுபவத்தில் பெற்றோர்கள் அறியாமல் விட்டுவிடும் பகுதி இதுதான். தாமே உருவாக்கிய பொம்மையின் பின்னல் குறிப்பை எழுதி, படங்களுடன் கோப்பாக விற்றால், ஒருமுறை செலவிட்ட நேரம் பல விற்பனைகளுக்குப் பயன்படும். கொரியரும் இல்லை, சரக்குத் தேக்கமும் இல்லை. குறிப்பைப் பிழையின்றி எழுதுவது பின்னுவதைவிடக் கடினம். வேறு சிலரைக் கொண்டு பின்னிப் பார்க்கச் செய்த பிறகுதான் வெளியிட வேண்டும். தேவையான நூலையும் குறிப்பையும் சேர்த்துத் தொகுப்பாக விற்பது, தொடக்கநிலையாளர்களுக்கு வகுப்பு எடுப்பது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. நீடித்த வருமானம் காணும் பலருக்கு, செய்த பொருளை விற்பது வருமானத்தின் ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே என் பரிந்துரை இது. படிப்பை அவர் முடிக்கட்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. முடித்த பின் ஆறு மாதங்களை, முடிந்தால் ஒரு பகுதிநேர வேலையோடு சேர்த்து, இதற்கென ஒதுக்குங்கள். கடன் வாங்க வேண்டாம். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு தொகையை ஒரே முறை கொடுத்து, தனி வங்கிக் கணக்கில் போட்டு, வரவும் செலவும் அதன் வழியாகவே நடக்கச் செய்யுங்கள். நூலை மூட்டையாக வாங்கிக் குவிக்க விடாதீர்கள். ஆனால் ஒரு பைக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே சாயத்தொகுதி எண்ணில் (ஒரே முறையில் சாயமேற்றிய நூலுக்கு இடும் எண்) வாங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதியில் நிறம் மாறித் தெரியும். பதிவும் வரியும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், தொடங்கும் முன்பே உள்ளூர்க் கணக்காளர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது மலிவு. மணிக்கட்டு வலி வந்தபின் ஓய்வெடுப்பதைவிட அது வராமல் பார்த்துக்கொள்வதே மேல். இடைவெளி விட்டுப் பின்னுவதை முதல் வாரத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆறாம் மாத இறுதியில் மூன்று எண்களை மட்டும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள்: மணிக்கு மிஞ்சிய தொகை, அறியாதவர்களிடம் முழு விலைக்கு விற்றவை, திரும்பி வந்து வாங்கியவர்கள். எந்த அளவை எட்டினால் தொடர்வது, எட்டாவிட்டால் வேலை தேடுவது என்பதை இன்றே இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து முடிவெடுத்தால் அது வாக்குவாதமாகத்தான் முடியும். வேலைக்குப் போக நேர்ந்தால், தன்விவரக் குறிப்பில் அந்த ஆறு மாதத்தை வெற்றிடமாக விட வேண்டாம். எத்தனை வடிவங்கள் உருவாக்கினார், உற்பத்திச் செலவை எப்படிக் கணக்கிட்டார், எத்தனை ஆர்டர்களைக் குறித்த நாளில் அனுப்பினார் என்பவற்றை எண்களோடு எழுதினால், சில்லறை வணிகம், பொருள் கொள்முதல், இணைய விற்பனை ஆகிய துறைகளின் நேர்காணல்களில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.