இணையத் தோழியோடு மசாய் மாரா: 1,200 டாலரில் முடியுமா, போகலாமா?

கேள்வி: பறவைப் படம் எடுப்பவர்களின் இணையக் குழுவில் அறிமுகமான நைரோபித் தோழியோடு மூன்று வருடமாகப் பேசிவருகிறேன். நேரில் பார்த்ததில்லை. ஆகஸ்டில் கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்கு நான்கு இரவு, ஐந்து பகல் போகலாம் என்கிறார். தங்குவது, சாப்பாடு, வண்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,200 டாலர்தானாம். தன் கணக்குக்கு அனுப்பினால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா? – ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: போகலாம். ஆனால் அந்தப் பணத்தை அவர் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். அவர் நல்லவரா, இல்லையா என்பது அடுத்த கேள்வி. நல்லவராகவே இருந்தாலும், கடைசி வாரத்தில் அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்ப் பயணம் நின்றால், உங்கள் கையில் ரசீது இருக்காது, பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு நிறுவனமும் இருக்காது. நட்பும் கெடும், பணமும் போகும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டுப் பயணிக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024 ஜூலையிலிருந்து இதுதான் நிலவரம். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆகஸ்டில் நான்கு நாள் உள்ளே சுற்றினாலே 800 டாலர் வாசலில் போய்விடும். மீதி 400 டாலரில் வண்டி, டீசல், ஓட்டுநர், நான்கு இரவு அறை, மூன்று வேளைச் சாப்பாடு என்பது ஆகாத காரியம். ஆக, தோழி கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது கென்யக் குடிமக்களுக்கான குறைந்த கட்டணத்தை உங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார், அல்லது இது மோசடி. இரண்டாவது அடிக்கடி நடப்பது. உள்ளூர்க் கட்டணத்துக்கு உள்ளூர் அடையாள அட்டை வேண்டும். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வாசலில் முழுத் தொகையையும் கேட்பார்கள். அதனால் செலவைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். வண்டிச் செலவு மட்டும் பாதி பாதி, நுழைவுக் கட்டணம் அவரவருக்கு. இதை இப்போதே பேசிவிடுங்கள்.

இந்தக் கணக்கை அவரிடமே காட்டி, நாள்வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் உட்கார்ந்து எழுதுவார். கோபப்பட்டாலோ, ‘இன்றைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்’ என்று அவசரப்படுத்தினாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டார் பக்கத்தில் இருக்க, ஒன்றிரண்டு முறை வீடியோ அழைப்பில் பேசுங்கள். மூன்று வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட முகம் காட்டத் தயங்குபவரோடு காட்டுக்குப் போக வேண்டாம். பணம் அனுப்பிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைப் பிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஏற்பாட்டை ஒரு சஃபாரி நிறுவனம் வழியாகச் செய்யுங்கள். தோழி பரிந்துரைக்கும் நிறுவனமாகவே இருக்கட்டும், ஆனால் அதற்குக் கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் உண்டா, ‘காட்டோ’ எனப்படும் கென்யச் சுற்றுலா நிறுவனங்கள் சங்கத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பங்கை நீங்களே கிரெடிட் கார்டில் நிறுவனத்துக்குச் செலுத்துங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில்தான் வழி உண்டு. பிறகு தங்கும் கேம்ப்புக்கு நேராக மின்னஞ்சல் போட்டு, உங்கள் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா, பணம் அவர்களுக்கு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். அறையைப் பதிவுசெய்து வைத்துவிட்டு, கேம்ப்புக்குப் பணம் கட்டாமலே இழுத்தடிக்கும் ஏஜென்ட்டுகள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை கேட்பது நல்லது. இரண்டு தனி அறை என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகஸ்டே வேண்டுமா என்றும் யோசியுங்கள். வில்டபீஸ்ட் என்ற மான் இன விலங்கின் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரைதான், உண்மை. ஆனால் சிங்கம், சிறுத்தை, சீட்டா (சிவிங்கிப்புலி) ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவை. பிப்ரவரியில் நுழைவுக் கட்டணம் பாதி, வண்டி நெரிசலும் குறைவு. நேரில் பார்க்காத ஒருவரோடு போகும் முதல் பயணத்துக்கு எங்கள் ஓட்டு பிப்ரவரிக்கே.

நைரோபியில் முதல் இரண்டு இரவு ஓட்டலில், உங்கள் பெயரில் அறை எடுங்கள். தோழி வீட்டில் வேண்டாம். நடுவில் உள்ள பகலில் இருவரும் நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். 1946-இல் தொடங்கிய, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. நகரத்தை ஒட்டியே இருக்கிறது, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் உண்டு. ஒரே வண்டியில் அரைநாள் இருந்தால் ஒருவருடைய சுபாவம் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஒரே சீட்டாவின் முன்னால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு யானையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். சஃபாரி நட்புகள் பெரும்பாலும் இதில்தான் முறிகின்றன. காலை யார் விருப்பம், மாலை யார் விருப்பம் என்று அன்றே பிரித்துக்கொள்ளுங்கள்.

தோழி தன் சொந்தக் காரில் போகலாம் என்றால் மறுத்துவிடுங்கள். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். ஒரு மழை விழுந்தால் கார் அச்சுவரை இறங்கிவிடும். புல்லுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாத இடத்தில் இறங்கி டயர் மாற்றவும் முடியாது. கூரை உயரும் லேண்ட் க்ரூசர், ஆளுக்கு ஒரு ஜன்னல், அனுபவமுள்ள ஓட்டுநர்-வழிகாட்டி, இவை மூன்றும் வேண்டும். தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்திருக்கிறது. வெள்ளித் தர வழிகாட்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வண்டிக்குள் டிரைபாட் உதவாது. காலித் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோய், நைரோபியில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால் பெரிய லென்ஸ் ஆடாமல் நிற்கும். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள். படத்துக்காக இன்னும் கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்க வேண்டாம். பகலில் வேட்டையாடும் சீட்டாவுக்கு வண்டிகள் சூழ்ந்தால் இரை தப்பிவிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். சிறுநீர் கழிக்க வேண்டுமானால் கூச்சப்படாமல் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். திறந்த வெளியாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் கவனித்துவிட்டு, வண்டியின் மறைவில் இறங்கச் சொல்வார். அவர் சொல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது.

காகித வேலைகளில் பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். இந்தியாவிலிருந்து நேராகப் போகும்போது கென்யா அதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், எதிர்ப்பு சக்திக் குறைவு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஊர் திரும்பியும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்ல மறக்கக் கூடாது.

கென்யா 2024 ஜனவரியில் விசாவை நீக்கி, மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

மாராவுக்குச் சிறு விமானத்தில் போனால் கைப்பையும் கேமராவும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரப் பெட்டியை நைரோபி ஓட்டலில் விட்டுவிடுங்கள். இந்த விமானங்கள் கிளம்புவது வில்சன் விமான நிலையத்திலிருந்து, நீங்கள் வந்திறங்கும் ஜோமோ கென்யாட்டாவிலிருந்து அல்ல. பிளாஸ்டிக் கேரி பைக்கு 2017 முதல் கடுமையான தடை. ட்ரோனுக்கு முன் அனுமதி இல்லாவிட்டால் பறிமுதல்தான். மாரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், விடிகாலை சஃபாரிக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஊரிலுள்ள சொந்தக்காரருக்கு ஒரு பார்சல், கொஞ்சம் மருந்து, ஒரு பெட்டி என்று யார் கொடுத்தாலும், தோழியே கொடுத்தாலும், வாங்காதீர்கள். உங்கள் பையில் இருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தந்தம், தோல், நகம், கொம்பு போன்ற நினைவுப் பொருள்களும் அப்படித்தான்.

பாஸ்போர்ட்டும் திரும்பும் டிக்கெட்டும் உங்களிடமே இருக்கட்டும். தோழி வராமல் போனாலோ, நடுவில் ஒத்துவராமல் போனாலோ, கேம்ப் மேலாளரிடம் சொல்லி அடுத்த விமானத்தில் நைரோபி திரும்பும் அளவுக்குக் கார்டில் தனியாகப் பணம் வையுங்கள். பயணக் காப்பீட்டில் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். நைரோபி இந்தியத் தூதரக எண், கேம்ப்பின் எண், விமான ஓடுதளத்தின் பெயர் மூன்றையும் தாளில் எழுதி வீட்டில் ஒன்று, பையில் ஒன்று வையுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் தினமும் இரவு கேம்ப்புக்குத் திரும்பியதும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கென்ய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே இரவு எட்டு என்றால் திருப்பூரில் பத்தரை.