சவுண்டுக்கார அண்ணன் பதில்கள்: ஜொகூருக்குப் போகும் ஸ்பீக்கர்

கேள்வி: அண்ணே வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்ட வீட்டில் இருக்கிறோம். வேலை மாற்றலாகி ஜொகூர் பாருவுக்குப் போகிறேன். மார்பு உயரத்துக்கு ஒரு ஜோடி தரை ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், ஒன்று முப்பத்தைந்து கிலோ. வாங்கியபோது வந்த பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. கூட்டாளியின் லோரியில் கவிழ்த்துப் படுக்க வைத்துக் கயிறு போட்டுவிடலாம், கோன், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு, கீழே இருந்தால் எதுவும் குத்தாது என்கிறான். சரியா?

பதில்: தம்பி, கூட்டாளி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கவிழ்க்க மட்டும் கூடாது. கனத்த ஒலி தரும் பெரிய கோன் உள்ள வூஃபரின் எடையில் பெரும்பங்கு பின்னால் இருக்கும் காந்தம். அதை வெளிப்பக்கமிருந்து வைத்து, எம்டிஎஃப் பலகையில் நாலைந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். கவிழ்த்தால் மொத்த எடையும் அந்த ஸ்க்ரூக்களில்தான் தொங்கும். எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசை சேர்த்து அமுக்கிச் செய்த பலகை. லோரி குழியில் விழுந்து எழும்போது ஸ்க்ரூ பிடித்திருக்கும் இடம் பொடிப்பொடியாகிவிடும். மல்லாக்க வைத்தால் வூஃபரின் விளிம்பு பலகைமேல் உட்கார்ந்துகொள்ளும், ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஒன்று, முதுகில் சுவிட்ச்போர்டு மாதிரி ஒயர் மாட்டும் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் எடை இறங்காமல், இரண்டு பக்கமும் தடித்த பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

லோரியில் இடம் தாராளமாக இருந்தால் நிறுத்தியே கொண்டுபோகலாம். நான் அதைத்தான் விரும்புவேன். டிரைவர் கேபினுக்குப் பின்சுவரை ஒட்டி, நடுவில் மெத்தை, இரண்டு ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில். கயிறு வேண்டாம், நெம்பி இறுக்கும் ராட்சட் பெல்ட் வாங்குங்கள். இடுப்புக்குக் கீழே ஒன்று, தலைக்குக் கொஞ்சம் கீழே ஒன்று. ஒரே பெல்ட் போட்டால் பிரேக் அடிக்கும்போது மேல்பாதி ஆடும். பெல்ட் விளிம்பில் பதியும் இடத்தில் மடித்த அட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் மூலை நசுங்கிவிடும். நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் (ஆர் அண்ட் ஆர்) தேத்தண்ணி குடிக்க நிறுத்துவீர்கள் அல்லவா, அப்போது பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். மெத்தை அமுங்கியிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்று பயப்படாதீர்கள். தார் ரோட்டில் ஒரே சீராக ஓடும் லோரி ஸ்பீக்கரைக் கெடுப்பது அபூர்வம். கெடுதல் நடப்பதெல்லாம் உங்கள் வாசற்படியில், லோரி வாலில், அப்புறம் தோட்டத்துச் செம்மண் ரோட்டில். ஒரு முழம் உயரத்திலிருந்து கை நழுவினால் போதும்: பெட்டியில் கீறல்கூட இருக்காது, உள்ளே பசை போட்டு ஒட்டிய காந்தம் இம்மியளவு நகர்ந்து, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலோடு உரச ஆரம்பித்துவிடும். வூஃபரின் இரண்டு பக்கமும் விரல் வைத்து ஒரே அழுத்தமாக மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். சரசரவென்று உரசினால் அதுதான். இதை ஏற்றும் முன்னும் ஒருமுறை செய்து, போட்டோவும் எடுத்து வையுங்கள். லோரிக்காரரோடு பிறகு வாக்குவாதம் வராது. செம்மண் ரோடு முடியும்வரை கூட்டாளியை இரண்டாம் கியரிலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

தூக்க இரண்டு பேர் கட்டாயம். அடியில் திருகியிருக்கும் கூர்முனைக் காலை, அதாவது ஸ்பைக்கைக் கழற்றாமல் சாய்த்து இழுத்தால் அடியில் மரை பிடுங்கிக்கொள்ளும். கழற்றிப் பையில் போட்டு உங்கள் பாக்கெட்டிலேயே வையுங்கள். டேப் போட்டுப் பெட்டிமேல் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது மரத்தோலும் கூட வரும்.

சுற்றும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். பபிள் ரேப்பை நேரே பளபளப்புப் பெயிண்டில் சுற்றி வெயிலில் லோரியை நிறுத்தினால் குமிழி குமிழியாகத் தழும்பு விழும், பாலிஷ் போட்டாலும் லேசில் போகாது. முதலில் பழைய கைலி அல்லது பருத்திச் சேலை, அதன்மேல் பஞ்சு, பிறகு அட்டை, கடைசியாகப் பிளாஸ்டிக், மேலே தார்ப்பாய். நம் ஊர் மழைக்குச் சாயங்காலம் என்றால் குஷி. கீச்சொலி தரும் சின்ன டுவீட்டர்மேல் எதுவும் படக் கூடாது, முன்பக்கம் மூடும் கிரில் இருந்தால் மாட்டிவிடுங்கள். அப்படியே பின்பக்கக் காற்றுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரொம்ப நாள் நகர்த்தாத ஸ்பீக்கரில் குளவி கூடு கட்டியிருக்கும்!

இன்னொரு பழைய வித்தை. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள். நாலு முனை இருந்தால் வூஃபருக்கு உரிய ஜோடியை. கோன் அசைந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும், சுற்று மூடியிருப்பதால் அந்த மின்சாரமே அசைவை எதிர்த்து நிற்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஒயர் இல்லாமல் கோனை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், ‘தொம்’ என்று நீளும். ஒயர் போட்டபின் ‘டப்’ என்று அடங்கிவிடும். டுவீட்டருக்கு இது உதவாது, இடையில் கெப்பாசிட்டர் இருக்கிறது. ஜொகூரில் இறங்கியதும் முதல் வேலை அந்தத் துண்டு ஒயரைக் கழற்றுவது. மறந்து ஆம்ப்பை மாட்டினால் ஆம்ப் போய்விடும். ஒயரில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள்.

கேள்வி: வீடு மாறும்போது டுவீட்டரின் நடுக் குமிழ் உள்ளே அமுங்கிவிட்டது. வேக்கும் கிளீனர் வைத்து இழுக்கலாமா அண்ணே? (வாசகி, கூலிம்)

பதில்: துணிக் குமிழ் என்றால் முதலில் டேப்பைப் பட்டும் படாமலும் ஒட்டி எடுத்துப் பாருங்கள் தங்கச்சி, பெரும்பாலும் வந்துவிடும். வேக்கும் என்றால் குறைந்த வேகத்தில், குழாய் வாயில் துணி கட்டி, தள்ளி வைத்து. அலுமினியம் என்றால் மடிப்புத் தழும்பு நிற்கும், மாற்றுவதே மேல். 1974இல் வந்த யமஹா என்எஸ்-1000 போலப் பெரிலியம் குமிழ் என்றால் கையே வைக்காதீர்கள். அது அமுங்காது, நொறுங்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

கேள்வி: எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் அடிவயிற்றில் போட்டு அனுப்பலாமா? (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: சின்ன ஸ்பீக்கர் என்றால், பெட்டிக்குள் பெட்டி போட்டு அனுப்பலாம். தரை ஸ்பீக்கர் வேண்டாம். அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவரின் அரிசி மூட்டை அதன்மேல்தான் விழும்.