கணக்கு ஆசிரியரிடம் என்ன சொல்வது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான். எங்கள் கணக்கு ஆசிரியர் இரண்டு ஆண்டுகளாக மாலையில் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அதனால்தான் நல்ல மதிப்பெண் வந்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கும், விட்டுவிடாதே என்கிறார். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே வரலாறுதான் பிடிக்கும். பி.ஏ. வரலாறு சேர நினைக்கிறேன். இதைச் சொன்னால் நன்றி மறந்தவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வாழ்த்துகள். உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் என்ற சட்டம் 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த இடத்தில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய வாசல் என்பது, ஆண்டுதோறும் பிள்ளைகள் படிப்பை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியருக்குத் தெரியும். அவர் வற்புறுத்துவது உங்கள் மீதுள்ள அக்கறையால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் நீங்கள் வரலாறு படிக்கவேண்டும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நன்றிக்கு உரியவராக ஒரே ஒருவர்தான் வருகிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசை மிக நீளமானது. பிளஸ் டூ என்ற ஏற்பாடே தமிழ்நாட்டில் 1978இல்தான் வந்தது. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதவேண்டும். பிறகு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போகவேண்டும். என் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். கல்லூரி வெளியூரில் இருந்தது. வயதுப் பெண்ணைத் தனியே அனுப்ப வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை. அவருடைய படிப்பு அங்கேயே முடிந்துபோனது. சில ஆண்டுகளில் அதே ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகி, அக்காவைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்த பெண்கள் நடந்தே போய்ப் பன்னிரண்டாவது படித்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. தெருவில் நிறுத்திப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டுக் கொடுப்பார். இன்று அரசு தரும் சைக்கிளில் பெண்கள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இன்னும் பின்னால் போனால் மதிய உணவு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிப் பார்த்தது. 1956இல் காமராசர் அதைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. காமராசர் காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். நிலம் வைத்திருந்தவர் நிலம் கொடுத்தார். மற்றவர்கள் கரும்பலகையும் பெஞ்சும் நாற்காலியும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் இருந்திருப்பார்கள். பிறகு உங்கள் பள்ளியில் தினமும் உலை வைத்த சமையலர் அம்மா இருக்கிறார். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள், மனம் கனக்கும்.

இத்தனை பேரில் எவரும் 'நீ இன்ன படிப்புத்தான் படிக்கவேண்டும்' என்று உங்களிடம் கேட்கவில்லை. பெயர் தெரியாத பிள்ளைக்காகக் கொடுத்தார்கள். அவர்கள் யார், எப்படி இது நடந்தது என்று தேடி எழுதிவைக்க ஆள் வேண்டும். பெரும்பாலான அரசுப் பள்ளிகளின் வரலாறு எழுதப்படாமலே கிடக்கிறது. நன்றியோடு இருப்பவர் ஒருவர் வரலாறு படிக்கப் போவதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

ஆசிரியர் தந்த கணக்கும் வீணாகாது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை அளந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று இறங்கிக்கொண்டே போவார்கள். பின்னத்துக்கு அஞ்சுகிறவர்களால் அந்தக் கல்வெட்டுகளோடு நெடுநேரம் இருக்க முடியாது. இதை உங்கள் ஆசிரியரிடமே சொல்லுங்கள். அவர் மகிழ்வார்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பி.ஏ. வரலாறு முடித்ததும் வேலை வந்து நிற்காது. பி.எட். முடித்து ஆசிரியராகலாம். போட்டித் தேர்வு எழுதலாம். முதுகலைக்குப் பிறகு தொல்லியலில் ஆர்வம் தொடர்ந்தால், மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும். வீட்டில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் முடியாது என்றால் அந்தப் பதிலுக்கும் மதிப்பு உண்டு. அப்போது பொறியியலில் சேருங்கள், கல்வெட்டைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். கலைப் படிப்புக்கும் அது உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

பொறியியல் இடத்தை நீங்கள் எடுக்காவிட்டால் அது பாழாகிவிடும் என்றும் கவலை வேண்டாம். தரவரிசையில் அடுத்து நிற்பவரும் அரசுப் பள்ளிப் பிள்ளைதான்.

ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்கும் நாள் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். தோழி மூலமாகவோ வாட்ஸ்அப்பிலோ அந்தச் செய்தி அவருக்குப் போகக்கூடாது. முதலில் அவர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள்: எந்தப் பாடம் புரியாமல் இருந்தது, எந்த மாலையில் புரிந்தது என்று விவரமாக. பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். பொறுத்திருங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் சமையலர் அம்மாவையும் பார்த்துவிட்டு வாருங்கள். தலைமையாசிரியர் அனுமதித்தால் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் இருப்பது யார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பெற்றோரின் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் அனுமதியோடு இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.