தறி நின்ற பிறகும் காதில் ஓயாத இரைச்சல்

காது நலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டினேன். தறியை விட்டு வந்தாச்சு, காதுக்குள்ள மட்டும் 'கொய்ங்ங்'னு இரைச்சல் நிக்கலைங்க. ராத்திரி ஃபேன் ஓடினா பரவாயில்லை, கரண்ட் போயிட்டா தாங்க முடியலை. காது டாக்டர் "வயசாச்சு, பழகிக்குங்க"ன்னு சொல்லிட்டார். அமெரிக்காவில் இதுக்குன்னே ஒரு சங்கம் இருக்குன்னு மகன் சொல்றான். அவங்ககிட்ட மருந்து இருக்குமா?
(வாசகர், பள்ளிபாளையம்)

பதில்: ஐயா, மருந்து அவர்களிடமும் இல்லை. டின்னிடஸ் என்கிற இந்த இரைச்சலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மகன் சொல்லும் சங்கத்தின் கதை உங்களுக்குத் தெரிய வேண்டிய கதை. அது ஒரு ஃபேன் சத்தம் போன்ற சமாசாரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சார்லஸ் யூனிஸ் ஒரு மருத்துவர். அவருக்கே காதிரைச்சல். ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் செவித்திறன் ஆய்வாளர் ஜாக் வெர்னனைப் பார்க்கப் போனார். நகரின் நடுவே ஒரு செயற்கை நீரூற்று. அதன் பக்கத்தில் நின்றபோது, தண்ணீர் விழும் சத்தத்தில் தன் இரைச்சல் மறைந்துபோனதை யூனிஸ் கவனித்தார். வெர்னன் அதைப் பிடித்துக்கொண்டார். காதில் மாட்டிக்கொண்டால் வேறு ஒலி தந்து இரைச்சலை மறைக்கும் 'மாஸ்கர்' கருவி அந்த ஆராய்ச்சியில் வந்ததுதான். உங்கள் மகன் சொல்லும் சங்கமான அமெரிக்கன் டின்னிடஸ் அசோசியேஷன் 1971-இல் அதே போர்ட்லண்டில் தொடங்கியது. கரண்ட் போனால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும், அந்த நீரூற்றருகே யூனிஸ் உணர்ந்ததும் ஒன்றேதான்.

லாப நோக்கமில்லாத அந்தச் சங்கம் நன்கொடையை வைத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஆராய்ச்சிக்கு விதைப்பணம். காதிரைச்சல் ஆளைக் கொல்வதில்லை, அதனால் பெரிய நிதியெல்லாம் வேறு நோய்களுக்குப் போய்விடும். புது யோசனையோடு வரும் ஆய்வாளருக்கு முதல் சோதனை செய்து பார்க்கக்கூடக் காசு இருக்காது. அந்த முதல் காசைத் தருகிறார்கள். முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தால், அதைக் காட்டி அரசிடம் பெரிய நிதி கேட்கலாம். இரண்டாவது வேலை நோயாளிகளுக்கானது: போனில் பேச ஆள், ஊர் ஊராக ஆதரவுக் குழுக்கள், இதைத் தெரிந்து சிகிச்சை தருகிறவர்களின் பட்டியல். அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கு இழப்பீடு தரப்படும் குறைபாடுகளில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். துப்பாக்கி செய்ததை இங்கே தறி செய்கிறது. நம் தறிக்காரர்களுக்கும் அப்படி ஒரு சங்கம் வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

"பழகிக்குங்க" என்ற வார்த்தை எனக்குக் கோபம் வரவைக்கும். பழகுவது உண்மைதான், மூளை இந்தச் சத்தத்தை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் எப்படி என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா? தறிச்சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அது உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்களை அழிக்கிறது, அவை திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வராதபோது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பல ஆய்வாளர்களின் விளக்கம். தறிக்காரர்களின் ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் படத்தைப் பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மெஷின் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் தெளிவாக உள்ளே வந்தால் பலருக்கு இரைச்சல் பின்வாங்குகிறது. இரவில் பேட்டரி ரேடியோவோ, செல்போனில் மழைச்சத்தமோ மெதுவாக ஓடட்டும். இரைச்சலை முழுக்க அமுக்கும் அளவுக்கு வைக்காதீர்கள், இரண்டும் கலந்து கேட்கட்டும்.

கேள்வி: அப்பாவின் காதிரைச்சலுக்கு ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை ஆன்லைனில் வாங்குகிறோம். மாதம் ஆயிரக்கணக்கில் போகிறது. தொடரலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம்மா. அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் மூன்றையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜிங்கோ ரத்தம் உறைவதையும் பாதிக்கலாம். அப்பா இதயத்துக்கு ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். காதில் எண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

அந்தப் பணத்தை சி.பி.டி. என்னும் மனப்பயிற்சி சிகிச்சைக்குச் செலவிடுங்கள். சத்தத்தை அது குறைக்காது. சத்தம் கிளப்பும் பயத்தையும் தூக்கக்கேட்டையும் குறைக்கும். இப்போதைக்கு வலுவான ஆதாரம் உள்ள வழி இதுதான். 'மனநல ஆலோசகரா?' என்று அப்பா முகம் சுளித்தால், அவருக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை என்பதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் லெனைர் என்ற கருவிக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை.

கேள்வி: மூன்று நாளாக வலது காதில் மட்டும் இரைச்சல். அந்தப் பக்கம் போனில் பேசினால் ஒன்றும் கேட்கவில்லை. சளியாக இருக்குமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: சளியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். நரம்புப் பக்கக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவதே கேட்கும் திறனைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு, இரண்டு வாரம் போய்விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டாலும் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டோம். இதே அறிகுறி உள்ள மற்றவர்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், இன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள்.