டோனாவெஷிங்கனில் அரங்கேறும் புதிய இசை: கேள்வி பதில்

ஜெர்மனியின் கருங்காட்டை ஒட்டிய சிற்றூர் டோனாவெஷிங்கன். அங்கே அக்டோபர்தோறும் நடக்கும் சமகால இசை விழாவைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: பெர்லின் இருக்க, இவ்வளவு சிறிய ஊரில் ஏன்?

1921இல் ஃபுர்ஸ்டென்பெர்க் இளவரசரின் ஆதரவில் அங்கே தொடங்கியது. இளம் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித்தின் நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்பு அந்த முதல் ஆண்டிலேயே அரங்கேறியது. ஆனால் ஆர்கெஸ்ட்ரா விழாவின் உயிராக மாறியது 1950இல், தென்மேற்கு ஜெர்மன் வானொலி கைகோத்த பிறகுதான். வானொலியின் ஆர்கெஸ்ட்ரா டிக்கெட் வசூலை மட்டும் நம்பி வாழவில்லை. யாரும் கேட்டிராத ஒரு படைப்புக்காக நாள்கணக்கில் ஒத்திகை பார்க்க அதனால் முடிந்தது. ஊரின் அளவைவிட இதுவே முக்கியம் என்பேன்.

யாழ்ப்பாண வாசகர்: ரசிகர்கள் கூச்சலிட்டது உண்மையா?

உண்மை. 1951இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸின் ‘பாலிஃபோனி எக்ஸ்’ சீழ்க்கைக்கும் கூச்சலுக்கும் நடுவில்தான் ஒலித்தது. 1955இல் நடத்துனர் ஹான்ஸ் ரோஸ்பாட் நடத்திய, இசையமைப்பாளர் செனாகிஸின் ‘மெட்டாஸ்டாசிஸ்’ படைப்புக்கும் எதிர்ப்பு எழுந்தது. அதில் 61 கலைஞர்களுக்கும் ஆளுக்கொரு தனிப் பாகம். வழக்கமாக வயலின்காரர்கள் கூட்டமாக ஒரே வரியை வாசிப்பார்கள். இங்கே ஒவ்வொரு வயலினும் தன் போக்கில், நம் கர்நாடக இசையின் ஜாருவைப் போல, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும். அப்போது செனாகிஸ் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வளைகோடுகளைக் கேட்கும்போது இரும்பும் கான்கிரீட்டும் என் கண்முன் நிற்கும்.

அதே ஊரில்தான் 1961இல் இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ முடிந்ததும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், வாசித்தார்கள். ஆகவே கூச்சலை மட்டும் நினைவில் வைப்பது அந்த ரசிகர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

சென்னை, வயலின் மாணவி: கேட்டே இராத படைப்பை எப்படிக் கற்கிறார்கள்?

கேட்டுப் பழக ஒலிப்பதிவு இல்லை, முன்னோடி இல்லை. கையில் இருப்பது தாள் மட்டுமே. முதல் வாசிப்பில் எழுத்துப் பிழைகளே பாதி நேரத்தைத் தின்னக்கூடும்: நடத்துனரின் முழுக் குறிப்பில் ஒரு சுரம், கலைஞரின் தாளில் வேறொன்று. இசையமைப்பாளர் அரங்கில் உட்கார்ந்திருப்பார். ‘வில்லைப் பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) அப்பால் வைத்து இழுக்கவா?’ என்று மேடையிலிருந்தே கேட்கலாம். பீத்தோவனிடம் அதைக் கேட்க முடியாது! 2010இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹாஸின் படைப்பொன்றுக்கு ஆறு பியானோக்களை ஒன்றுக்கொன்று முழுச்சுரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு விலக்கிச் சுருதி சேர்த்தார்கள். அந்தச் சுருதிகளுக்கு நடுவே தன் சுரத்தைப் பிடித்து நிற்க, ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவரும் காதைப் புதிதாகப் பழக்கவேண்டும்.

டொரொண்டோ வாசகர்: என் முதல் ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதுகிறேன். ஓர் ஆலோசனை?

பக்கம் திருப்ப இடம் விடுங்கள். நீண்ட மௌனத்துக்குப் பின் நுழைபவருக்குப் பக்கத்துக் கருவியின் வரியைச் சிறிய எழுத்தில் காட்டுங்கள். ஒத்திகையில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் இசைக்கே போய்ச் சேரும்.

திருச்சி வாசகர்: அரங்கேறியபின் அவை என்னவாகின்றன?

பல படைப்புகளுக்கு இரண்டாவது மேடை கிடைப்பதில்லை. இது என்னை வருத்துகிறது. முதல் முறை கேட்பவர் திகைப்பைத்தான் கேட்கிறார், இசையை இரண்டாம் முறைதான் கேட்கிறார். விழாவைத் தாங்கிய ஆர்கெஸ்ட்ராவையே 2016இல் ஸ்டுட்கார்ட் வானொலிக் குழுவோடு இணைத்துவிட்டார்கள். எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் ஏராளம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊறிய பழக்கம் ஒரு குழுவின் கைகளில் இருக்கிறது. நிர்வாக ஆணையால் அதை இடம் மாற்ற முடியாது.

மதுரை வாசகர்: இந்த இசையைக் கேட்டுப் பழகாதவன் நான். எங்கே தொடங்குவது?

‘அட்மாஸ்ஃபியர்ஸ்’. சுமார் ஒன்பது நிமிடம்தான். தாளத்தைத் தேடாதீர்கள், தாளக் கருவியே கிடையாது. 56 தந்திக் கலைஞர்களின் தனித்தனி வரிகள் ஒரே மேகமாக நிற்கும். நடுவில் பிக்கோலோ குழல்கள் காதைத் துளைக்கும் உச்சிக்கு ஏறும்; சட்டென்று ஒலி அடியிலுள்ள டபுள் பேஸ்களில் விழும். அந்த இடம் வரும்வரை நிறுத்தாமல் கேளுங்கள்.